காட்டை வெட்டியவரும் கல்லை நட்டவரும்

மலாய்க் குடியானவர்களுக்கு நிலம் இரண்டு வகை: உயிருள்ள நிலம், செத்த நிலம். தானா ஹிடுப், தானா மாத்தி. காட்டை வெட்டி நெல்லோ பழமரமோ வைத்தால் நிலத்துக்கு உயிர் வந்துவிடும். விளைச்சலில் ஒரு பங்கை ஆள்பவருக்குக் கொடுத்துவிட்டு அதை அனுபவிக்கலாம். கைவிட்டுக் காடு மண்டினால் நிலம் செத்தது, உரிமையும் அதோடு போச்சு. உழைப்புதான் பட்டா.

இந்த வழக்கத்தை ஆராய்ந்து எழுதிய பிரிட்டிஷ் அதிகாரி வில்லியம் மெக்ஸ்வெல்தான் அதை மாற்றவும் முனைந்தார். 1858இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் சட்டமான டோரன்ஸ் முறையை மலாயாவுக்குப் பரிந்துரைத்தார். அவர் சிலாங்கூரின் ரெசிடெண்டாக இருந்தபோது, 1891இல், அங்கே நில உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. அரசுப் பதிவேட்டில் யார் பெயரோ அவரே உடைமையாளர். ஆனால் பதிவேட்டில் ஏற்ற, நிலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டும். அதனால் நில அளவை அரசாங்கத்தின் வேலையானது. 66 அடிச் சங்கிலி, கோணம் பார்க்கத் தியோடலைட், மூலைக்கு மூலை எல்லைக்கல். 80 சங்கிலி ஒரு மைல், 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர்.

இதில் நன்மை இல்லாமல் இல்லை. எல்லைத் தகராறுக்குக் கல் சாட்சி சொல்லும். அதே கல்லால்தான், லண்டனில் இருக்கும் ஒரு கம்பெனி தான் பார்க்காத காட்டை வாங்கவும் விற்கவும் முடிந்தது.

ரப்பர் தோட்டங்களுக்காக நம்மவர்கள் காடு வெட்டியபோது உழைப்புக்கும் உரிமைக்குமான தொடுப்பு அறுந்துபோயிருந்தது. பால்மரம் நட்டார்கள், லயத்தில் பிள்ளை பெற்றார்கள், கோயில் கட்டினார்கள். பதிவேட்டில் பெயர் கம்பெனிக்கு. "எங்க தாத்தா வெட்டுன காடு" என்பது உண்மை. சட்டத்துக்கு அது போதாது. எத்தனை காலம் குடியிருந்தாலும் அதனால் மட்டும் நிலம் சொந்தமாகாது என்று 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது.

1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கின. துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் மாதம் 10 வெள்ளியைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். அது பதிவேட்டுக்குள்ளேயே நுழையும் வழி.

2002இல் ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் இன்னொரு வழியைக் காட்டியது. விமான நிலையத்துக்கான நெடுஞ்சாலைக்கு நிலம் இழந்த டெங்கில் தெமுவான் மக்களுக்கு, பட்டா இல்லாவிட்டாலும் மரபுரிமை உண்டு என்று சாகோங் தாசி வழக்கில் தீர்ப்பளித்தது. அது பூர்வகுடிகளுக்கான உரிமை. தோட்டத் தமிழர் அதைச் சொல்லிக் கேட்க முடியாது.

இன்று செயற்கைக்கோளை வைத்துச் சென்டிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள். தோட்டக் கோயிலுக்கு நோட்டீஸ் வரும்போது நாம் கோயிலின் வயதைச் சொல்கிறோம், நில அலுவலகம் லாட் எண்ணைக் கேட்கிறது. தோட்டத்து வரலாற்றை எழுதுகிறவர்கள் தலைமுறைக் கதையோடு அந்த எண்ணையும் தேடி எழுதிவைக்கட்டும். நோட்டீஸ் வருவதற்கு முன்னாலேயே.