சுங்கக் கணக்கில் சேலை

மான்செஸ்டர் வட்டாரத்து ஆலைகள் இந்தியப் பெண்களுக்கென்றே கரை வைத்த சேலைகளை நெய்து கப்பலேற்றின. தையல் படாததால், சுங்கக் காகிதத்தில் அவை ஆடை அல்ல. 'பீஸ் குட்ஸ்', வெறும் துணி.

1894 டிசம்பரில் பிரிட்டிஷ் இந்திய அரசு இறக்குமதிப் பருத்தித் துணிக்கு 5 சதவீத வரி போட்டது. லங்காஷயர் முதலாளிகள் கொதித்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த, இந்திய ஆலைகள் நூற்ற 20ஆம் நம்பருக்கு மேற்பட்ட (மெல்லிய) நூலுக்கும் எக்சைஸ், அதாவது உள்நாட்டு உற்பத்தி வரி வந்தது. அதுவும் அவர்களுக்குப் போதவில்லை. 1896இல் நூலை விட்டுவிட்டு, இறக்குமதித் துணிக்கும் இந்திய ஆலைத் துணிக்கும் ஒரே அளவாக 3.5 சதவீதம் விதித்தார்கள். பம்பாயில் நெய்த சேலைக்கும் கடல் கடந்து வந்த சேலைக்கும் ஒரே வரி! கைத்தறி மட்டும் தப்பியது. இந்த அநீதியான எக்சைஸ் 1925 டிசம்பரில்தான் நின்றது.

1930இல் காற்று திசை மாறியது. இறக்குமதி வரி பிரிட்டிஷ் துணிக்கு 15, மற்ற நாட்டுத் துணிக்கு 20 சதவீதம். வெளுக்காத கோராத் துணியானால் பவுண்டு எடைக்குக் குறைந்தது மூன்றரை அணா. ஆக, எங்கே நெய்தது, வெளுத்ததா என்ற இரண்டு கேள்விகள் சேலையின் வரியைத் தீர்மானித்தன.

இன்றைய இந்தியச் சுங்க அட்டவணையிலும் பட்டுச் சேலை 50ஆம் அத்தியாயத்தில், பட்டுத் துணிகளோடுதான் இருக்கிறது. அதனுடன் உடுத்தும் தைத்த ரவிக்கைக்கு இடம் 62ஆம் அத்தியாயம்.