நாவலும் திரைக்கதையும்: பேராதனையர் இருவரும் மலையகமும்

நாவலைத் தழுவிய திரைப்படம் இலக்கியத் தரமுடையது என்றும், திரைக்கெனவே எழுதப்பட்ட கதை வணிகத்திற்குரியது என்றும் கருதும் வழக்கம் தமிழ் வாசகரிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. ஈழத்துத் தமிழ்த் திரைப்பட வரலாறு இக்கருத்திற்கு அவ்வளவு எளிதில் இடந்தருவதில்லை. ஓராண்டு இடைவெளியில் வெளிவந்த ‘பொன்மணி’ (1977), ‘வாடைக்காற்று’ (1978) ஆகிய இரு படங்களும் இதன்பொருட்டு ஒருங்குவைத்து நோக்கத்தக்கன.

இவ்விரண்டின் வேர்களும் ஒருவகையிற் பேராதனையில் உள்ளன. ‘வாடைக்காற்று’ நாவலை எழுதிய செங்கை ஆழியான் (க. குணராசா) 1960களில் இப்பல்கலைக்கழகத்திற் புவியியல் பயின்றவர். ‘பொன்மணி’யை நெறிப்படுத்திய தர்மசேன பத்திராஜ கண்டியிற் பிறந்து, அதே தசாப்தத்தில் இங்கு பட்டம் பெற்ற சிங்களக் கலைஞர். யாழ்ப்பாணத்தார் எழுதிய நாவலைப் பிறரொருவர் படமாக்கினார். கண்டியிற் பிறந்தவரோ யாழ்ப்பாணம் சென்று, நாவல் எதனையும் துணைக்கொள்ளாது, யாழ்ப்பாணத்தாரின் கதையைப் படமாக்கினார்.

‘வாடைக்காற்று’ 1973 இல் வீரகேசரிப் பிரசுரமாக வெளிவந்தது. வாடை பெயரும் பருவத்தில் நெடுந்தீவுக் கரையில் வாடியமைத்துத் தொழில் செய்யும் மீனவரின் வாழ்வே அதன் பொருள். காற்றும் கடலும் மனித உறவுகளை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்பதை நாவல் நுணுக்கமாகக் காட்டுகின்றது. புவியியல் மாணவரின் கண் அதில் தெரிகின்றது எனினும் தவறாகாது. இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த அக்காலத்தில், வீரகேசரியின் மலிவு விலை நாவல்கள் நாடெங்கும் வாசகரைத் தேடிக்கொண்டன. எனவே பிரேம்நாத் மொறாயஸ் இந்நாவலைப் படமாக்கியபோது, கதையை முன்னரே அறிந்த ஒரு கூட்டம் திரையரங்கிற்கு வெளியே ஆயத்தமாக இருந்தது. படத்தின் வரவேற்பை இதிலிருந்து பிரித்துப் பார்த்தல் இயலாது.

‘பொன்மணி’க்கு அவ்வாய்ப்பு இல்லை. காவலூர் இராசதுரை அதனைத் திரைக்காகவே எழுதினார். சீதனமும் சாதியும் ஒரு குடும்பத்துப் பெண்களின் வாழ்வை எவ்வாறு முடக்குகின்றன என்பதே கதை. நாவலாசிரியர் ஒருவர் இதனை எழுதியிருப்பின், அப்பெண்களின் மனவோட்டத்தைத் தம் கூற்றாகப் பல பக்கங்களில் விரித்திருப்பார். பத்திராஜ விரிக்கவில்லை. முகங்களையும் வீட்டின் உட்புறத்தையும் நெடுநேரம் காட்டிவிட்டு, உரையாடலைச் சுருக்கிக்கொண்டார். தழுவல் எதற்கும் எளிதிற் கைகூடாத சுதந்திரம் இது. மூலநூலின் வாசகர் எவரும் ‘அந்த இடத்தை ஏன் விட்டீர்கள்?’ என்று கேட்கப் போவதில்லை. ஆயினும் தென்னிந்தியப் படங்களிற் பழகிய இரசிகர் அம்மௌனத்தைப் பொறுத்துக்கொள்ளவில்லை. படம் விரைவிலேயே திரையரங்குகளை விட்டகன்றது. திரைப்படம் என்ற கலைவடிவத்தை அளவுகோலாகக் கொண்டால் இரண்டினுள் ‘பொன்மணி’யே மேலானது. தன் பார்வையாளரைத் தானே உருவாக்க வேண்டியிருந்தமைதான் அதன் இடர்.

சிங்களத் திரையிலும் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் என்ற ஒரே நெறியாளர் இரு வழிகளிலும் சென்றுள்ளார். அவரது ‘ரேகாவ’ (1956) திரைக்கென எழுதப்பட்டது. ‘கம்பெரலிய’ (1963) மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 1944 ஆம் ஆண்டு நாவலினின்றும் பிறந்தது. பின்னையது 1965 இல் புதுடில்லித் திரைப்பட விழாவில் தங்க மயில் விருது பெற்றது. அதற்குத் திரைக்கதை அமைத்தவர் ரெஜி சிறிவர்த்தன என்ற விமர்சகர் என்பதும் மறக்கற்பாலதன்று. நல்ல தழுவலுக்கு நல்ல நாவல் மட்டும் போதாது. அதனைத் துணிந்து வெட்டத் தெரிந்த வாசகரும் வேண்டும்.

கண்டியைச் சூழ்ந்த மலைகளின்பாற் திரும்பினால் இக்கேள்வி வேறு உருக்கொள்கின்றது. தேயிலைத் தோட்டம் திரைக்குப் புதியதன்று. றொபேட் ஸ்ரான்டிஷின் 1948 ஆம் ஆண்டு நாவலைத் தழுவி, எலிசபெத் டெயிலர் நடித்த ‘எலிபன்ற் வோக்’ 1954 இல் வந்தது. அதில் துரைமாரின் பங்களாவே உலகம். தொழிலாளர் வெறும் கூட்டம். 1984 இல் வெளியான ‘இண்டியானா ஜோன்ஸ்’ வரிசைப் படமோ மூலநாவல் அற்றது; அதற்காக ஹந்தானைச் சாரல் இந்தியக் கிராமமாக வேடம் புனைந்தது. தழுவலாயினும் புதுக்கதையாயினும், மலையில் வாழ்ந்தவர்க்கு அவற்றிற் கிடைத்த இடம் ஒன்றே.

தமிழிலே ‘தோட்டக்காரி’ (1963) தோட்டப் பின்னணியில் எடுக்கப்பட்டது. தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசன் தாமே தயாரித்து நாயகனாக நடித்த ‘புதிய காற்று’ (1975) தொழிலாளரின் துயரைப் பேச முனைந்தது. இவையும் நாவல்வழி வந்தவை அல்ல. ஆள்கட்டி அழைத்துவரப்பட்டவர்களின் வாழ்வை நாவலாக்கிய கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964 இலேயே வெளிவந்திருந்தும், திரைக்கதை தேடியவர் எவரும் அதனைப் பயன்படுத்தவில்லை. வாசகரைக் கொண்டிருந்த கதைக்குப் படம் வாய்க்கவில்லை. படம் எடுத்தவர்க்கு அக்கதை வேண்டியிருக்கவில்லை.

1983 யூலை வன்செயலில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது பல படங்களின் மூலப்பிரதிகளும் அழிந்தன. நாவலைத் தழுவிய படத்தின் சுருள் எரிந்தாலும் நூல் நூலகத்தில் இருக்கும். திரைக்கென மட்டும் எழுதப்பட்டு, அச்சேறாது போன கதைக்குச் சுருளே ஏடு. இந்நாட்டில் எழுதப்பட்ட தமிழ்த் திரைக்கதைகளில் நூலுருப் பெற்றவை மிகச் சிலவே.

வால்பாறைத் தோட்டங்களைப் பற்றிப் போல் ஹரிஸ் டானியல் 1969 இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், 2013 இல் பாலாவின் ‘பரதேசி’யாகத் திரையேற நாற்பத்துநான்கு ஆண்டுகள் சென்றன. அதற்கும் ஐந்தாண்டு மூத்தது ‘தூரத்துப் பச்சை’.