பேசாதோர் வழிபாடும் புலப்படாத அரசும்

லூக்கா நற்செய்தியின் 17ஆம் அதிகாரத்தில் பரிசேயர் சிலர், கடவுளின் அரசு எப்போது வரும் என இயேசுவிடம் வினவுகின்றனர். அது கண்ணால் காணத்தக்க அடையாளங்களோடு வருவதன்று என்பதே அவர் விடையின் சாரம். அடுத்து வரும் தொடரிலுள்ள கிரேக்கச் சொல்லுக்கு 'உள்ளே' என்றும் 'நடுவே' என்றும் இருபொருள் கொள்ள இடமுண்டு. தமிழில் பழைய சீர்திருத்தச் சபை மொழிபெயர்ப்பு முன்னதைக் கொண்டது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பின்னதைக் கொண்டது. முன்னது 'ராஜ்யம்' என்றதைப் பின்னது 'இறையாட்சி' என்றது. ராஜ்யம் என்றவுடன் எல்லையும் கோட்டையும் மனத்தில் எழும். ஆட்சி என்றால் ஆளுஞ்செயலே முன்நிற்கும். மூலச்சொல் இரண்டையும் தாங்கவல்லது. நம்மைப் போன்ற தமிழாசிரியர்க்கு இஃது இனியதொரு சொல்லாராய்ச்சி. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலோ இவ்வேறுபாட்டின் பொருட்டு மாந்தர் சிறை புகுந்தனர், உயிரும் இழந்தனர்.

1649இல் மன்னர் முதலாம் சார்லசின் தலை வீழ்ந்தபின், தானியேல் நூல் கூறும் நான்கு பேரரசுகளும் முடிந்து கிறித்துவின் ஐந்தாம் பேரரசு மண்ணில் தொடங்கிவிட்டதாகவே ஒரு சாரார் நம்பினர். 1660இல் முடியாட்சி மீண்டபோது அந்நம்பிக்கை வாளேந்தியது. 1661 சனவரியில் பீப்பாய் செய்யும் தொழிலாளியான தாமஸ் வென்னர் ஏறத்தாழ ஐம்பது பேருடன் இயேசுவே அரசர் என முழங்கி இலண்டன் தெருக்களில் போரிட்டார். சில நாள்களில் கிளர்ச்சி அடங்கியது. அம்மாதம் 19ஆம் நாள் அவர் கொல்லப்பட்டார்.

இடி விழுந்தது வேறோரிடத்தில். வென்னரோடு தொடர்பேதுமற்ற குவேக்கர்கள் 4,000 பேருக்கு மேல் சில வாரங்களுக்குள் சிறையிலடைக்கப்பட்டனர். கண்ணுக்குப் புலப்படாத அரசைப் பற்றிப் பேசுவோரும் புலப்படும் அரசை நிறுவ முனைவோரும் ஆள்வோர் கண்ணுக்கு ஒருவராகவே தோன்றினர் போலும். அதே மாதத்தில் ஜார்ஜ் ஃபாக்சும் தோழர்களும் மன்னரிடம் ஓர் அறிக்கை அளித்தனர். கிறித்துவின் அரசுக்காகவோ இவ்வுலக அரசுகளுக்காகவோ தாம் ஒருபோதும் படைக்கலம் ஏந்துவதில்லை என்பது அதன் உட்கருத்து.

ஃபாக்சு நெசவாளர் ஒருவரின் மகன். செருப்புத் தொழில் பயின்றவர். கோபுரமும் மணியும் கொண்ட கட்டடத்தை அவர் தேவாலயம் என்றழைக்க மறுத்தார்; கோபுர வீடு என்றே குறித்தார். மலையிலும் எருசலேமிலும் அன்று, ஆவியில் தொழுக எனச் சமாரியப் பெண்ணுக்குக் கூறப்பட்டதை அவர் எழுத்துக்கு எழுத்து மெய்யென ஏற்றார். எனவே குவேக்கர் கூடுமிடத்தில் பீடமில்லை, நீரால் திருமுழுக்கில்லை, அப்பமும் இரசமும் இல்லை. வெறும் பலகைகளில் அமர்ந்து அனைவரும் மௌனமாய்க் காத்திருப்பர். உள்ளத்தில் ஏவப்பட்டவர், ஆணோ பெண்ணோ, எழுந்து பேசலாம்; எவரும் ஏவப்படாவிடில் எவரும் பேசுவதில்லை. (இவர்களும் ஒருமுறை வழுவினர். 1656இல் ஜேம்ஸ் நெய்லர் என்பார் குதிரையேறி, சிலர் புகழ்பாடி முன்செல்ல, பிரிஸ்டல் நகருள் நுழைந்தார். அகத்துக் கிறித்துவைப் புறத்தே காட்டும் அடையாளம் அஃது என்றார். நாடாளுமன்றம் அவர் நாவைத் துளைத்து நெற்றியில் சூடிட்டது.)

1664ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு குடும்பத்தாரைத் தவிர்த்து ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ அரசுத் திருச்சபையின் முறைக்குப் புறம்பான வழிபாட்டுக்குக் கூடுவதைத் தடை செய்தது. மூன்றாம் முறை பிடிபட்டால் கடல் கடந்து ஏழாண்டு நாடு கடத்தல். அவ்வாண்டு ஹெர்ட்ஃபோர்டில் நடந்த விசாரணையை நாம் முதன்முறை படித்தபோது சிரித்தோம். பின்னரே அதன் கொடுமை உறைத்தது. ஐவருக்கு மேற்பட்டோர் கூடியிருந்ததைக் கண்டோம். ஆயின் அவர்கள் பேசக் கேட்கவுமில்லை, எதுவும் செய்யக் காணவுமில்லை என்றனர் சாட்சிகள். வாய்திறவாமல் அமர்ந்திருப்பது வழிபாடென எங்ஙனம் மெய்ப்பிப்பது? குற்றச்சாட்டை ஏற்க வேண்டிய நடுவர் குழுவினர் முதலில் மறுத்தனர். நீதிபதி ஆர்லண்டோ பிரிட்ஜ்மன் அவர்களைக் கடிந்து திருப்பியனுப்பினார். இரண்டாம் முறை இசைந்தனர். குற்றஞ்சாட்டப்பட்டோர், நாங்கள் வழிபடவில்லை என ஒரு சொல் கூறியிருப்பின் வழக்கு அங்கேயே நைந்திருக்கக்கூடும். பொய்யுரைப்பது அவர்கள் நெறியில் இல்லை. நாடு கடத்தும் தண்டனை விதிக்கப்பட்டது.

இச்சட்டமும் 1670இல் இதனைத் தொடர்ந்த சட்டமும் பதினாறு வயது நிரம்பியோரையே சுட்டின. 1682இல் பிரிஸ்டலில் பெரியோர் பெரும்பாலும் சிறையிலிருக்க, அவர்தம் பிள்ளைகளே கூடி அந்த மௌனத்தைத் தொடர்ந்தனர். சட்டத்தின் பிடியில் அகப்படாத அவர்களைக் காவலர் கோலால் அடித்தனர். அடிபட்ட பிள்ளைகள் மீண்டும் வந்து அமர்ந்தனர்.

1689இல் சகிப்புச் சட்டம் வந்தது. கூடுமிடத்தைப் பதிவு செய்து கொள்ளலாம். ஆனால் வழிபாட்டின்போது கதவைத் தாழிடுதல் கூடாது என்றது. உள்ளத்தைக் காண இயலாத அரசு கதவையாவது திறந்து வைக்கச் சொன்னது போலும். ஹெர்ட்ஃபோர்ட் குவேக்கர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. தடை நிலவிய 1670இலேயே தமக்கொரு கூட்ட இல்லத்தைக் கட்டிக்கொண்டனர். அவ்வில்லத்தில் இன்றும் கூடுகின்றனர்.