காயம், வன்முறைத் தடுப்புக் கல்வியின் வரலாறு

சாலை மோதல், தீக்காயம், நீரில் மூழ்குதல், தவறி விழுதல், நஞ்சு, அடிதடி, தற்கொலை ஆகியவற்றால் நேரும் சாவுகளையும் உடல் ஊனங்களையும் நோய்களைப் போலவே ஆராய்ந்து, அவற்றை முன்கூட்டியே தடுக்கும் வழிகளைக் கற்பிப்பது காயம் மற்றும் வன்முறைத் தடுப்புக் கல்வி ஆகும். இது பொதுச் சுகாதாரத்தின் ஒரு கிளை. அம்மை, வாந்திபேதி போன்றவற்றை ஒழிக்கும் கலை நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வந்தது. காயங்களைத் தடுக்கும் கலை 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பாடமாக உருப்பெற்றது. "விபத்து" என்பது விதியால் வருவது, அல்லது கவனக்குறைவால் வருவது என்ற நம்பிக்கையே இந்தத் தாமதத்துக்கு முதன்மைக் காரணம்.

விதியிலிருந்து அறிவியலுக்கு

முதல் உலகப் போர்க்காலத்தில் பயிற்சி விமானியாக இருந்த அமெரிக்கரான ஹியூ டி ஹேவன், நடுவானில் நேர்ந்த மோதலில் உயிர் தப்பினார். தாம் ஏன் பிழைத்தோம் என்ற கேள்வி அவரை விடவில்லை. 50 முதல் 150 அடி உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தவர்களை அவர் ஆராய்ந்து, 1942 இல் கட்டுரை வெளியிட்டார். விழும் உடலை நிறுத்தும் பொருள் சற்றே நெகிழ்ந்து கொடுத்து, விசையைப் பரப்பிவிட்டால் மனித உடல் பெரும் அதிர்ச்சியையும் தாங்கும் என்பது அவர் கண்ட முடிவு. வாகனங்களின் உட்புறத்தை உயிர்காக்கும் வகையில் வடிவமைக்கும் சிந்தனைக்கு இது வித்திட்டது.

1949 இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் கார்டன், காயங்களும் தொற்றுநோய்களைப் போலவே வயது, இடம், பருவம் ஆகியவற்றைப் பொறுத்து ஒழுங்கான முறையில் நேர்கின்றன என்று காட்டினார். 1961 இல் உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன், காயத்தின் நேரடிக் காரணி ஆற்றல் என்று விளக்கினார். மலேரியாவுக்கு ஒட்டுண்ணி எப்படியோ, காயத்துக்கு உடல் தாங்கும் அளவை மீறிய இயக்க ஆற்றல், வெப்பம், மின்சாரம், வேதிப்பொருள், கதிர்வீச்சு ஆகியன அப்படி.

ஹாடன் அட்டவணை

இக்கருத்துகளை ஒரு கற்பித்தல் கருவியாக மாற்றியவர் மருத்துவர் வில்லியம் ஹாடன். அமெரிக்காவில் 1966 இல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டபோது, அதைச் செயல்படுத்த அமைந்த கூட்டரசு அமைப்பின் முதல் தலைவராக அவர் பொறுப்பேற்றார். அவர் வகுத்த "ஹாடன் அட்டவணை" இன்றும் இத்துறையின் தொடக்கப் பாடங்களில் ஒன்று.

இந்த அட்டவணையில் மூன்று வரிசைகள் உள்ளன: நிகழ்வுக்கு முன், நிகழும் கணம், நிகழ்ந்த பின். மனிதர், காயத்தைக் கடத்தும் பொருள் அல்லது வாகனம், இயற்சூழல், சமூகச் சூழல் ஆகியவை அதன் பத்திகள். இரு சக்கர வாகன மோதல் ஒன்றை எடுத்துக்கொண்டால், ஓட்டுநர் மது அருந்தியிருந்தாரா, வண்டியின் பிரேக் சரியாக இருந்ததா, சாலையில் விளக்கு எரிந்ததா என்பவை முதல் வரிசையில் வரும். தலைக்கவசம், சாலையோரத்தில் இருந்த கல் அல்லது கம்பம் ஆகியவை இரண்டாம் வரிசையில் வரும். ஆம்புலன்ஸ் வந்த நேரம், மருத்துவமனையின் தரம் ஆகியவை மூன்றாம் வரிசையில் வரும். கட்டங்களை நிரப்பும் மாணவருக்கு ஓட்டுநரின் தவறு ஒரே ஒரு கட்டத்தில்தான் அடங்கும் என்பதும், உயிரைக் காக்கும் வாய்ப்பு மற்றக் கட்டங்களிலும் இருக்கிறது என்பதும் விளங்கிவிடும்.

நிறுவனங்களும் வன்முறையும்

1985 இல் அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று "அமெரிக்காவில் காயம்" என்ற அறிக்கையை வெளியிட்டது. பெரியம்மை ஒழிப்பில் புகழ்பெற்ற வில்லியம் ஃபோகி அக்குழுவின் தலைவர். இளவயதினரின் சாவுக்கு முதன்மைக் காரணமாகக் காயங்கள் இருந்தும், அவற்றுக்கான ஆய்வும் பயிற்சியும் மிகக் குறைவு என்று அறிக்கை சுட்டிக்காட்டியது. 1987 இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் காய ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. 1992 இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் காயத் தடுப்புக்கெனத் தனி மையம் அமைந்தது.

வன்முறை அதுவரை காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய பொருளாகவே கருதப்பட்டது. 1985 இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலர் எவரெட் கூப் கூட்டிய பயிலரங்கு, அதை மருத்துவத் துறையின் பொறுப்பாகவும் அறிவித்தது. 1996 இல் உலகச் சுகாதாரப் பேரவை, வன்முறை உலக அளவில் முன்னணிப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்று தீர்மானம் நிறைவேற்றியது. 2002 இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட உலக அறிக்கை, 2000 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 16 இலட்சம் பேர் வன்முறையால் இறந்ததாகக் கணக்கிட்டது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் தற்கொலையால் இறந்தவர்கள்.

உலகப் பாடத்திட்டம்

அறிக்கைகள் வந்தன, அவற்றைச் செயலாக்கத் தெரிந்தவர்கள் போதவில்லை. காயச் சாவுகளில் பெரும்பகுதி நேரும் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் இந்தக் குறை கூடுதலாக இருந்தது. இதை நிரப்ப உலகச் சுகாதார நிறுவனம், பல நாட்டு வல்லுநர்களின் உதவியுடன் "டீச்-வி.ஐ.பி." என்னும் பாடத்திட்டத்தை 2005 இல் வெளியிட்டது. தரவு திரட்டல், ஆய்வு முறைகள், சாலைக் காயம், தீக்காயம், நீரில் மூழ்குதல், குழந்தைக் கொடுமை, இளைஞர் வன்முறை, தற்கொலை எனத் தலைப்புவாரியாகப் பாடங்கள் பிரிக்கப்பட்டன. ஆசிரியர் தம் நாட்டுத் தேவைக்கேற்ப வேண்டிய பாடங்களை மட்டும் தேர்ந்து நடத்தலாம். பின்னர் இணையவழிப் பதிப்பும் வந்தது. வகுப்பறைக் கல்வி மட்டும் போதாது என்பதால், அனுபவம் வாய்ந்த ஒருவர் இளம் பணியாளர் ஒருவருக்கு ஓராண்டு தொலைவிலிருந்தே வழிகாட்டும் "மென்டார்-வி.ஐ.பி." திட்டம் 2007 இல் தொடங்கப்பட்டது.

இலங்கை தரும் பாடம்

இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் நாடுகளுள் இலங்கையும் ஒன்று. 1995 இல் அங்கு தற்கொலை விகிதம் ஒரு இலட்சம் பேருக்கு 47 என்ற அளவை எட்டியது. பலர் பயிர்களுக்குத் தெளிக்கும் பூச்சிக்கொல்லியையே அருந்தினர். கணநேர மனவேதனையில் கைக்கு எட்டும் பொருளே உயிர் பிழைப்பதைத் தீர்மானித்தது. 1980களிலிருந்து கொடிய நஞ்சுள்ள பூச்சிக்கொல்லிகளை இலங்கை அரசு படிப்படியாகத் தடை செய்தது. அடுத்த 20 ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. 1995 முதல் 2015 வரை சுமார் 93,000 உயிர்கள் காக்கப்பட்டதாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. தடைகளால் வேளாண் விளைச்சல் குறையவில்லை என்பதையும் ஆய்வுகள் காட்டின. மனிதரைக் குறை கூறாமல் சூழலை மாற்றுவது என்னும் ஹாடனின் கருத்து இங்கு மெய்ப்பட்டது.

இந்தியாவில்

டெல்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தினேஷ் மோகன் உருவாக்கிய போக்குவரத்து, காயத் தடுப்பு ஆய்வுத் திட்டமும், பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனமும் இத்துறையில் ஆய்வுக்கும் பயிற்சிக்கும் களமாக விளங்கின. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம், சாலைக் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. இது ஹாடன் அட்டவணையின் மூன்றாம் வரிசையைச் சார்ந்தது. எனினும் 2022 இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். முதல் இரண்டு வரிசைகளில் செய்ய வேண்டியவை பெருமளவில் மீதமிருப்பதை இந்த எண் காட்டுகிறது. அவற்றைச் செய்ய மருத்துவர்கள் மட்டும் போதாது. சாலைப் பொறியாளர், காவலர், ஆசிரியர், உள்ளாட்சி அலுவலர் ஆகியோருக்கும் இக்கல்வி சென்று சேர வேண்டும் என்பதே இத்துறையின் இன்றைய நோக்கமாகும்.