பத்துக் குண்டும் ஒரு பலகையும்

திருவண்ணாமலைக்குத் துப்பாக்கிச் சத்தம் புதியதல்ல. 1767 செப்டம்பர் 3 அன்று செங்கம் பக்கம் ஒரு சண்டை. அதே மாதக் கடைசியில் நம் ஊருக்கு அருகிலேயே இன்னொரு சண்டை. ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் ஒரு பக்கம், கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கிழக்கிந்தியக் கும்பினிப் படை மறுபக்கம். அதற்கு முன்னும் பின்னும், 1750களிலிருந்து 1790 வாக்கில் திப்புவின் படை வந்தது வரை, அண்ணாமலையார் கோயில் மதிலே கோட்டை மதிலாக இருந்தது. நவாபின் ஆட்கள், பிரெஞ்சுக்காரர்கள், ஆங்கிலேயர்கள், மைசூர்க்காரர்கள் என்று மாறி மாறி முற்றுகையிட்டார்கள், பிடித்தார்கள், இழந்தார்கள்.

இந்தப் போர்களைப் பற்றிப் படிக்கும்போது என் மனம் போவது தளபதிகளிடம் அல்ல, வரிசையில் நின்ற சிப்பாய்களிடம். பள்ளியில் உடற்கல்வியும் என்.சி.சி.யும் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகளுக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்த கண்ணோடுதான் எதையும் பார்க்க வருகிறது. அன்றைய சிப்பாய் பெரும்பாலும் குறி பார்க்கவே இல்லை. அவன் கையில் இருந்த மஸ்கட்டின் குழல் உள்ளே வழவழவென்று இருக்கும். குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியது, உள்ளே தட்டித் தடுமாறி வெளியே வரும்போது எந்தப் பக்கம் போகும் என்று சுடுபவனுக்கே தெரியாது. நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு தனி ஆளைச் சுட்டு வீழ்த்துவது குருட்டு அதிர்ஷ்டம். அதனால்தான் தோளோடு தோள் நின்று, ஒரே கட்டளையில், எதிர்வரிசையை நோக்கி மொத்தமாகச் சுட்டார்கள். குழலுக்குள் திருகு வரி வெட்டி, குண்டைச் சுழலவிட்டு நேராகப் போகவைக்கும் ரைஃபிள் பரவலான பிறகுதான் சுடுகிற ஒவ்வொருவனின் கண்ணுக்கும் கைக்கும் மதிப்பு வந்தது.

அதற்கு முன் இந்த மண்ணில் குறி என்றால் அது வில்லாளியின் குறி. செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆநிரை மீட்கப் போய் இறந்தவன் கையில் வில்லோ வாளோ பிடித்தபடி கல்லில் நிற்பான். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் அந்தக் கற்களைத் தொகுத்து ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாக்கியது. என் மாணவர்கள் சிலரை அந்தப் பக்கம் அழைத்துப் போயிருக்கிறேன். அவர்களுக்குக் கல்வெட்டு புரியவில்லை. வில்லை இழுத்த கை எவ்வளவு நேராக இருக்கிறது என்பது மட்டும் உடனே கண்ணில் பட்டது.

1878இல் லிட்டன் பிரபு காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் இந்தியன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. உரிமம் யாருக்குக் கிடைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஜமீன்தார், மிராசுதார், துரைக்கு வேண்டியவர். குறி பார்த்துச் சுடுவது என்பது பங்களாக்காரர்களின் பொழுதுபோக்காகிவிட்டது. எளியவர்களில் துப்பாக்கி இருந்தது காட்டை நம்பி வாழ்ந்தவர்களிடம்தான்: ஜவ்வாது மலையில் பயிருக்குக் காவல் இருந்தவர்கள், ஊர் ஊராகப் போன நரிக்குறவர்கள். அவர்கள் கையில் இருந்தது நாட்டுத்துப்பாக்கி. கருமருந்தைக் குழல் வாயில் கொட்டி, பழந்துணியையோ தேங்காய் நாரையோ திணித்து, கம்பியால் இடித்து, ரவையைப் போட்டு, மறுபடி திணித்து, கடைசியில் தீமூட்டும் ‘கேப்’ ஒன்றை வைத்து, அதற்குப் பிறகுதான் ஒரே ஒரு வெடி. தவறினால் மறுபடி முதலிலிருந்து. ஒரு குண்டை வீணாக்கினால் ஒரு வேளைச் சாப்பாடு போச்சு என்ற நிலையில் கற்ற குறி அது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து அந்த வாழ்க்கைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. காட்டுக்கு அது தேவையான சட்டம், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அந்த மனிதர்களின் கைத்திறனை நாம் வேறு எதற்கும் அழைக்கவே இல்லை. நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டமே 2023இல்தான் வந்தது.

நமக்கு மேற்கே குடகில் கதை வேறு மாதிரி. 1861இலேயே குடவர்களுக்கு ஆயுத உரிமத்திலிருந்து விலக்கு கொடுத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அது தொடர்ந்தது. 2019இல் மத்திய அரசு அதை மேலும் பத்து ஆண்டுக்கு நீட்டித்தது. அங்கே செப்டம்பரில் கைல்போது பண்டிகை, துப்பாக்கிக்குப் பூ வைத்துப் பூசை. பிறகு உயரத்தில் கட்டிய தேங்காயைச் சுடும் போட்டி. சின்னப் பையனும் தாத்தாவும் அத்தையும் ஒரே வரிசையில் நின்று சுடுவார்கள். பகைக்காக அல்லாமல் பழக்கத்துக்காகச் சுடும் ஒரு குடும்பக் கொண்டாட்டம் நம் பக்கத்திலேயே இப்படி இருந்திருக்கிறது. இங்கிலாந்தில் இதையே மதுக்கடைக்குள் கொண்டுவந்தார்கள். பர்மிங்ஹாம் பக்கத்துக் கடைகளில் ஓர் இரும்புத் தகட்டில் சின்ன ஓட்டை, அதன் பின்னால் ஒரு மணி. ஏர்கன் குண்டு ஓட்டைக்குள் போனால் மணி அடிக்கும். வேலை முடிந்து வந்த தொழிலாளிகள் கடைக்குக் கடை அணி சேர்த்துப் போட்டி நடத்தினார்கள்.

நம்மிடம் அப்படி என்ன இருந்தது என்று கேட்டால், என் பதில்: திருவிழாவில் பலூன் சுடும் கடை.

இதைச் சொன்னால் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு இது விளையாட்டுப் பேச்சு இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் அதன் விதிகளும் மற்ற எல்லாத் துப்பாக்கிக்கும் உரிமம் கேட்டபோது, வேகம் குறைந்த ஏர்கன்னை மட்டும் வெளியே விட்டன. 2016ஆம் ஆண்டு விதிகள் கணக்கைத் தெளிவாகவே போட்டன: குழல் 4.5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, குண்டின் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டக் கூடாது. அந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் பலூன் கடைக் குடும்பங்கள் பிழைப்பைக் கட்டிக்கொண்டன. மெரினாவிலும், ஊர்த் திருவிழாக்களிலும், நம் ஊர்த் தீபத்திலும் ஒரு சாதாரண மனிதன் காசு கொடுத்து, யார் அனுமதியும் கேட்காமல், தோளில் துப்பாக்கியை வைத்துக் குறி பார்க்க முடிந்த இடம் அது ஒன்றுதான்.

கார்த்திகை தீபம் என்றால் ஊருக்குள் பத்து நாள் உற்சவமும், மாட்டுச் சந்தையும், ராட்டினமும், வளையல் கடையும். அதோடு ஆண்டுக்கு ஒருமுறை என்றிருந்த கூட்டம், பௌர்ணமி கிரிவலம் பெருகிய பிறகு மாதம் ஒருமுறை ஆனது. பதினான்கு கிலோமீட்டர் பாதையில் இரவு முழுக்க ஆள் நடமாட்டம். அந்தக் கூட்டத்தை நம்பி மாதாமாதம் வரும் ஒரு பலூன் கடைக் குடும்பத்தை எனக்கு நன்றாகத் தெரியும். பெயர் சொல்லக் கூடாது என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை.

கடை என்றால் ஒரு மரப்பலகை, அதன் மேல் கறுப்புத் துணி, பின்னால் இரண்டு மடிப்புச் சாக்கு. துணியில் வரிசை வரிசையாகக் கட்டிய சின்ன பலூன்கள். கணவர் குழலை மடக்கி, ஈயக்குண்டை வைத்து, நிமிர்த்திக் கையில் தருவார். மனைவி கைப் பம்பால் காற்றடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டே இருப்பார். அவர் விரல் நுனிகள் ரப்பர் பட்டுப் பட்டு வழவழப்பாகிவிட்டன. மகள் கீழே விழுந்த நசுங்கின ஈயத்தைப் பொறுக்கி டப்பாவில் போடுவாள், அது பழைய சாமான் கடைக்குப் போகும். மூன்று துப்பாக்கிகள். ஜெர்மனியின் டயானா கம்பெனி மாதிரியைப் பார்த்து இங்கே செய்தவை. உள்ளே ஒரு ஸ்பிரிங், அதன் தலையில் தோல் வாஷர். வாஷர் காய்ந்தால் காற்று கசிந்து குண்டு பாதி வழியில் சோர்ந்துவிடும். அதற்காக மழை நாளிலும் மறக்காமல் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுவார்.

‘கடைக்காரன் வேண்டுமென்றே குறியை வளைத்து வைத்திருக்கிறான்’ என்று சொல்லாத ஆளில்லை. ஓர் இரவில் நூற்றுக்கணக்கான முறை மடக்கி நிமிர்த்தும் குழல் கொஞ்சம் தளரத்தான் செய்யும். கை தவறிக் கீழே போடும் பையன்களால் முன்குறி நசுங்கும். மூன்றும் மூன்று விதமாக இழுக்கும், அது அந்தக் குடும்பத்துக்கு மனப்பாடம். கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள். ‘இது கொஞ்சம் வலப்பக்கம் இழுக்கும் சார், பலூனோட இடது ஓரத்துல வெச்சு அடிங்க’ என்பார் அவர். கேட்காதவன்தான் பத்துக் குண்டையும் துணிக்குக் கொடுத்துவிட்டுத் திட்டிக்கொண்டே போகிறான்.

ஒருமுறை பத்து வயதுப் பெண் ஒருத்தி எல்லாவற்றையும் தவறவிட்டு அழுகிற நிலைக்கு வந்தாள். அந்த அம்மா பம்பைக் கீழே வைத்துவிட்டு வந்து அவள் தலையை லேசாகச் சாய்த்தார். ‘கன்னத்த கட்டையோட ஒட்டி வெச்சுக்கோ பாப்பா. பலூன பாக்காத, துப்பாக்கி முனைய பாரு. மூச்ச விட்டுட்டு மெதுவா இழு.’ அடுத்த மூன்றில் இரண்டு வெடித்தன. நான் அசந்து நின்றேன். என்.சி.சி. ரேஞ்சில் சிவப்புக் கொடி ஏற்றி, பிள்ளைகளைக் குப்புறப் படுக்கவைத்து, .22 ரைஃபிளில் ஆளுக்கு ஐந்து குண்டு கொடுத்து நாங்கள் சொல்லித் தந்ததும் இதேதான்: கண்ணின் கவனம் இலக்கில் வேண்டாம், முன்குறியில் இருக்கட்டும். எங்களுக்கு அதைப் பயிற்சி முகாமில் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த அம்மாவுக்கு மாமனார் சொன்னாராம்.

விடியற்காலையில் கூட்டம் இளைத்த பிறகு அங்கே ஒரு போட்டி நடக்கும். பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. ஆட்டோ ஓட்டும் இரண்டு தம்பிகள், பணி முடிந்த ஒரு காவலர், டீக்கடைக்காரர், நான். பலூனுக்குப் பதில் பலகையின் மேல் விளிம்பில் சாக்பீஸ் துண்டுகளை நிறுத்திவைப்போம். சாக்பீஸ் என் பொறுப்பு. ஒவ்வொருவரும் பத்துக் குண்டுக்கான காசை முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். ஐந்து குண்டு முடிந்ததும் துப்பாக்கியை மாற்றிக்கொள்ள வேண்டும், எது யாருக்குச் சாதகம் என்ற பேச்சே வரக் கூடாது. ஜெயித்தவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். அந்த மகள்தான் நடுவர். சாக்பீஸ் அசைந்தால் கணக்கில்லை, உடைந்தால்தான் கணக்கு என்பதில் அவளிடம் தயவு தாட்சண்யம் கிடையாது. சில மாதம் அவளே சுடுவாள். அன்றைக்கு டீ அவள் அப்பா கணக்கில்.

ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டி 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கியது. அதற்கும் இதே 4.5 மில்லிமீட்டர் குண்டுதான். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இந்தப் போட்டியில். 2012இல் லண்டனில் வெண்கலம் வாங்கிய ககன் நாரங் பிறந்தது சென்னையில். இளவேனில் வாலறிவன் பிறந்தது நமக்குப் பக்கத்துக் கடலூரில். வளர்ந்ததும் பயிற்சி பெற்றதும் குஜராத்தில், 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றார். அவரைப் பற்றிய செய்தியைப் படித்த அன்று எனக்குப் பெருமையோடு ஒரு வருத்தமும் வந்தது. இங்கேயே இருந்திருந்தால் அந்தப் பிள்ளை முதன்முதலில் துப்பாக்கியைத் தொட்டிருக்கக்கூடிய இடம் எது? பெரும்பாலும் ஒரு தேரடிப் பலூன் கடைதான்.

போட்டி ரைஃபிள் ஒன்று லட்சக்கணக்கில் விலை. அதை எல்லாப் பள்ளிக்கும் வாங்கித் தரச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் பத்து மீட்டர் என்பது முப்பத்து மூன்று அடி. ஒரு பள்ளி அரங்கத்துக்குள் அடங்கும். பின்சுவரில் பலகையும் சாக்கும், நாலு சாதாரண ஏர்கன், அட்டை இலக்கு, ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள ஓர் ஆசிரியர், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இதை நடத்த விளையாட்டு ஆணையமும் பள்ளித் தலைமையாசிரியர்களும் மனம் வைத்தால் போதும். துப்பாக்கியைப் பராமரிக்கவும் பிள்ளைகளுக்குக் கன்னம் வைக்கச் சொல்லித் தரவும் ஆள் தேடி எங்கும் போக வேண்டாம், பலூன் கடைக் குடும்பங்களை அழைத்துச் சம்பளம் கொடுங்கள். தீபத் திருவிழாவில் அவர்களுக்கு இடம் ஒதுக்கும்போது கடைசி மூலைக்குத் தள்ளாதீர்கள். நடைபாதையிலிருந்து விலகி, பின்னால் சுவர் உள்ள இடமாகப் பார்த்துக் கொடுங்கள், அதுதான் பாதுகாப்பும்கூட.

கிரிவலம் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை கேட்டால் பத்துக் குண்டு வாங்கிக் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். துப்பாக்கி முனையை எப்போதும் பலகைப் பக்கமே வைத்திருக்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு சுடச் சொல்லுங்கள்.