மூசிக்கரை உயர்நீதிமன்றம்: கட்டடமும் நீதிமொழியும்

முன்னுரை

ஐதராபாத்தின் பேகம்பேட் பகுதி, ஆங்கிலேயர் காலத்தில் இருவேறு நீதி அதிகாரங்களுக்கு இடைப்பட்ட நிலமாக விளங்கியது. அதன் அருகே செகந்தராபாத் படைப்பாளையத்தில் ஆங்கிலேய ரெசிடெண்டின் அதிகாரமும், தெற்கே மூசியாற்றங்கரையில் நிஜாமின் அதிகாரமும் செல்லுபடியாயின. நிஜாம் எழுப்பிய உயர்நீதிமன்றக் கட்டடத்தின் வரலாற்றை, அதனுள் வழங்கிய மொழிகளின் வரலாற்றோடு இணைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கட்டடத்தின் தோற்றம்

1908 செப்டம்பரில் மூசியாறு பெருக்கெடுத்து நகரைச் சிதைத்தது. அதன் விளைவாக 1912இல் நகர மேம்பாட்டுக் குழு அமைக்கப்பெற்றது. ஆற்றின் இரு கரைகளும் புத்துருப் பெற்றன. வடகரையில் உஸ்மானியா மருத்துவமனையும் தென்கரையில் உயர்நீதிமன்றமும் எழுந்தன. இவ்விரண்டையும் வடிவமைத்தவர் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வின்சென்ட் எஷ் ஆவார். 1915இல் தொடங்கிய நீதிமன்றப் பணி 1919இல் நிறைவுற்றது. ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் 1920 ஏப்ரல் 20இல் அதனைத் திறந்து வைத்தார்.

சென்னையும் ஐதராபாத்தும்

1892இல் திறக்கப்பெற்ற சென்னை உயர்நீதிமன்றக் கட்டடமும் இதுவும் இந்தோ-சாரசனிக் பாணியைச் சார்ந்தவை. குவிமாடமும் வளைவும் இரண்டிற்கும் பொது. எனினும் உள்ளே ஒலித்த மொழி வேறு. சென்னையில் ஆங்கிலம் வழங்கியது. ஐதராபாத்தில் 1880களில் பாரசீகத்தின் இடத்தைப் பெற்ற உருது வழங்கியது. உருது நகரத்தார் பலருக்குத் தாய்மொழி என்பது உண்மையே. ஆயினும் நிஜாமின் குடிகளுள் பெரும்பான்மையோர் தெலுங்கு, மராத்தி, கன்னடம் பேசியவர்கள்.

அதிகார மாற்றமும் மொழி மாற்றமும்

ஆந்திரப் பகுதி வழக்குகள் 1954 வரை சென்னையிலும் அதன்பின் குண்டூரிலும் விசாரிக்கப்பட்டன. 1956 நவம்பரில் ஆந்திரப் பிரதேச உயர்நீதிமன்றம் மூசிக்கரைக் கட்டடத்தில் அமைந்தது. 2019 முதல் அது தெலங்கானாவிற்கு மட்டும் உரியதாயிற்று. அரசியல் சட்டத்தின் 348ஆம் பிரிவு உயர்நீதிமன்ற மொழியாக ஆங்கிலத்தை வகுத்தது. மாநில மொழியை அனுமதிக்கவும் அப்பிரிவே வழிசெய்கிறது; இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகியவற்றில் இந்திக்கு அவ்வனுமதி கிடைத்தது. தமிழுக்காக 2006 டிசம்பரில் தமிழகச் சட்டமன்றம் இயற்றிய தீர்மானம் ஏற்கப்படவில்லை. 2023 ஜூனில் தெலங்கானா உயர்நீதிமன்றம் தெலுங்கில் ஒரு தீர்ப்பை வழங்கியமை இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. மக்கள் மொழியில் ஒரு தீர்ப்பு வெளிவரக் கட்டடம் திறந்தபின் 103 ஆண்டுகள் ஆயின.

முடிவுரை

2024 மார்ச்சில் இராஜேந்திரநகரில் புதிய உயர்நீதிமன்றத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மூசிக்கரைக் கட்டடத்தைக் காப்பது கல்லையும் சுண்ணத்தையும் காப்பதோடு நிறைவுறாது. அங்கு எவர் மொழி கேட்கப்பட்டது, எவர் மொழி மொழிபெயர்ப்பிற்குக் காத்திருந்தது என்பதும் அதன் வரலாறே. சென்னைக் குவிமாடங்களின் கீழும் இவ்வினா விடை காணாமல் நிற்கிறது.