எழுத்து மாறிய குடிப்பெயர்கள்

ஒரு குடியின் வரலாற்றைத் தேடுவோர்க்கு முதற்சான்றாக நிற்பது அக்குடியின் பெயரே. அமெரிக்காவில் வேரூன்றிய ஜெர்மானியக் குடிகளுக்கோ அப்பெயரே முதல் தடையாகவும் அமைந்துவிடுகிறது. 1929இல் அமெரிக்காவின் 31ஆம் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றவர் ஹெர்பர்ட் ஹூவர். அவருடைய முன்னோர், 1738இல் பிலடெல்பியாவில் கரையிறங்கிய ஆண்ட்ரியாஸ் ஹூபர் என்பவர். ஹூபர் குடி ஹூவர் குடியானது எவ்வாறு?

18ஆம் நூற்றாண்டில் ரைன் ஆற்றை ஒட்டிய நாடுகளிலிருந்து பல்லாயிரவர், அந்நாளில் ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த பென்சில்வேனியாவில் குடியேறினர். 1727 முதல், அவ்வாறு வந்தவர்களுள் 16 அகவை நிரம்பிய ஆடவர் ஆங்கில மன்னருக்குப் பற்றுறுதி கூறிக் கையொப்பமிட வேண்டியிருந்தது. எழுத்தறிந்தவர் தம் பெயரைத் தாமே எழுதினர். அறியாதவர் குறி மட்டும் இட்டனர்; அவர்தம் பெயரை எழுத்தர் தம் செவி கேட்டவாறு பதிந்தார். பின்னர் ஜெர்மன் போதகரின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பழைய வடிவமும், ஆங்கில எழுத்தரின் வரி ஏட்டில் புதிய வடிவமுமாக ஒருவரே இரு பெயருடன் வாழ்ந்ததும் உண்டு. மியுல்லர் மில்லராகவும், ஷ்மிட் ஸ்மித்தாகவும் ஆயினர். தச்சரைக் குறிக்கும் சிம்மர்மான் என்னும் பெயர், ஒலியை முற்றிலும் துறந்து, அதே பொருளுடைய கார்ப்பென்டர் என மொழிபெயர்ந்ததும் உண்டு. 1917இல் அமெரிக்கா ஜெர்மனியோடு போரில் இறங்கியபின், அண்டை அயலாரின் பகைக்கு அஞ்சித் தம் பெயரைத் தாமே மாற்றிக்கொண்டோரும் பலர்.

ஒலியால் ஒத்த பெயர்களை ஒருங்கு காண, 1918இல் ராபர்ட் ரசல் என்பவர் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் முறை உதவுகிறது. அதில் முதலெழுத்து அப்படியே நிற்கும். ஏனைய மெய்கள் இனம் இனமாக எண் பெறும். ‘பி’யும் ‘வி’யும் ஓரினம் ஆதலின், ஹூபரும் ஹூவரும் ‘எச்-160’ என்னும் ஒரே குறியீட்டில் அடங்குவர். ஆனால் ‘கே’யில் தொடங்கும் கூஸ்டர், ‘சி’யில் தொடங்கும் கஸ்டர் ஆனபோது இம்முறை கைவிட்டுவிடுகிறது. மொழிபெயர்ந்த பெயரிடத்தும் அதற்கு வேலையில்லை.

ஒலி ஒத்தது என்பதனாலேயே உறவு உறுதியாகிவிடாது. ஹூபர் என்பது ஜெர்மன் பேசும் நாடுகளில் பெருவழக்கான பெயர். எழுத்தொற்றுமை ஒன்றையே நம்புவோர், பிறர் வீட்டு முன்னோரைத் தம்மவராகக் கொண்டாட நேரும். ஆகவே தேர்ந்த ஆய்வாளர் பெயரோடு அதன் சுற்றத்தையும் நோக்குவர்: மனைவியின் பெயர், குழந்தைகள் பிறந்த வரிசை, ஞானப்பெற்றோராக நின்றவர், அடுத்த நிலத்துக்காரர். இவை ஒருசேரப் பொருந்தினால், எழுத்து வேறுபட்டாலும் ஆள் ஒருவரே எனத் துணியலாம்.

எழுத்து வேறுபாட்டைப் பிழை என்று தள்ளுவது எளிது. ஆனால் ஒவ்வொரு வடிவமும், பெயரைச் சொன்னவர் யார், கேட்டவர் யார், ஏட்டில் பதியும் உரிமை எவர் கையில் இருந்தது என்பதற்குச் சான்று. பற்றுறுதிப் பட்டியல்களில் கையொப்பமிடாத மகளிரின் பெயர்கள் அங்கே மாறவில்லை, இடம்பெறவே இல்லை. மாறிய பெயரைத் தேடிச் செல்பவர், எழுதப்படாத அப்பெயர்களையும் தேடியாக வேண்டும். அவையும் சேர்ந்தாலன்றிக் குடிவரலாறு நிறைவுறாது.